கேப்ஸ் லாக் மேல் ஒரு பொட்டு

விசைப்பலகையில் 104 விசைகள். எனக்கு ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று.

நாலு நாளாகத் தேடுகிறேன். எதைத் தொட்டாலும் உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு வலக்கை வராது. பதினான்கு மாதமாகிறது. பேச்சு வருகிறது, மெதுவாக. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே தெருவில் ஒரு டவுன் பஸ் வந்து நின்று போய்விடும்.

மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. பேச்சும் வலக்கையும் சேர்ந்தே அடிபட்டது அதனால்தான்.

மயிலாடுதுறையில் முப்பத்தொரு வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். தமிழ், இங்கிலீஷ். லோயர், ஹையர். கடைசியாக மிஞ்சிய ஒரு ஹால்டா எந்திரம் இப்போது கட்டிலுக்குக் கீழே, பழைய வேட்டியால் மூடியபடி.

தமிழ்த் தட்டச்சின் முதல் பாடம் இடக்கைக்கு. ய, ள, ன, க. சுண்டு விரலிலிருந்து ஆள்காட்டி வரை.

அதே வரிசையில் வலக்கை வைத்திருந்தவை: த, ம, ட, துணைக்கால், புள்ளி.

புள்ளியும் காலும் இல்லாமல் தமிழில் என்ன எழுதலாம்? இடக்கை உயிர்மெய் எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் தேடினேன். ஞ, ற, ந, ச, வ, ய, ள, ன, க, ப, ண.

முதலில் கிடைத்தவை: சக. கன. நவ.

மூன்றும் தனியே நிற்காதவை. பின்னால் ஒரு சொல் வந்தாக வேண்டும்.

குரலில் கட்டளை கொடுக்கும் நிரல் ஒன்றைப் போட்டிருக்கிறேன். லினக்ஸ் கணினி, பழையது. ஒரு விசையை அழுத்தினால் மைக் திறக்கும். பேசினால் எழுத்தாகும். முதல் சொல் 'திற', 'படி', 'அனுப்பு' என்றிருந்தால் அந்த வேலையைச் செய்யும். இல்லையென்றால் எழுதி வைக்கும்.

எல்லாம் தயார். அந்த விசைதான் இல்லை.

பெயர் சொல்லி எழுப்பும் முறையை முதலில் முயன்றோம். ஆகவில்லை. அழைப்புச் சொல்லை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். 'ஏய்'க்கும் பெயருக்கும் நடுவே அவருக்கு ஒரு பள்ளம். அது பள்ளத்தைத் தாண்டிக் காத்திருப்பதில்லை.

ஆப்பிள் 2023-இல் 'ஹே சிரி'யிலிருந்து 'ஹே'யை எடுத்துவிட்டது. வெறும் 'சிரி' போதும். பாதி வேலை மிச்சம், இப்படிப்பட்டவர்களுக்கு.

தமிழில் அது ஒரு ஏவல் வினை. சிரி.

சூப்பர் (விண்டோஸ் படம் போட்ட விசை) + ஸ்பேஸ்: மொழி மாற்றம். தமிழ், இங்கிலீஷ், தமிழ். தொடக் கூடாது. அதை எடுத்தால் சித்தியின் சீட்டுக் கணக்கு நின்றுவிடும்.

ஆல்ட் + ஸ்பேஸ்: சன்னலை நகர்த்த, சுருக்க, பெரிதாக்க. விண்டோஸிலும் அதேதான், வெகு காலமாக. சுட்டியைத் தொடாதவர்களுக்கு அது கைப்பிடி. இப்போது அதன் மேல் எத்தனை பேர் கண். தேடல் கருவிகள், உரையாடல் செயலிகள், எல்லோரும் 'ஆல்ட் + ஸ்பேஸ் எனக்கு' என்கிறார்கள். மேக்கில் ஆப்ஷன் + ஸ்பேஸ். அங்கே அது ஏற்கெனவே பிரியாத இடைவெளியை எழுதும் விசைக்கூட்டு. வரி முடிவில் இரண்டு சொல் பிரியாமல் இருக்க வேண்டுமென்றால் நடுவே போடுவது.

அந்த இடைவெளியைப் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். இருந்தாலும் அவர்களுடையது.

கன்ட்ரோல் + ஸ்பேஸ்: கால்க் விரிதாளில் முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுக்கும்.

வலது கன்ட்ரோல் சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். விர்ச்சுவல்பாக்ஸில் வெளியே வருகிற வாசல் அதுதான்.

சூப்பர் + சி பற்றி ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். விண்டோஸில் அந்த ஒரு வீட்டில் எத்தனை குடித்தனம்.

2012, விண்டோஸ் 8: வலப்பக்கப் பட்டை.
2015, விண்டோஸ் 10: கோர்ட்டானா. அழுத்தினால் கேட்கத் தொடங்கும். பிறகு அமைப்பில் போய் நாமே இயக்கினால்தான்.
2021, விண்டோஸ் 11: டீம்ஸ் அரட்டை.
2023: கோபைலட்.

அதே ஆண்டில்தான் விண்டோஸில் கோர்ட்டானா செயலியும் மூடப்பட்டது.

ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்த விசையை அழுத்திவிட்டு வேறு ஒன்று திறப்பதைப் பார்த்திருப்பார். விரல் பழையதையே நினைவு வைத்திருக்கும். விரலுக்குச் செய்தி போவது கடைசியில்தான்.

சித்தப்பாவின் இடக்கைச் சுண்டு விரல் இன்னமும் படுக்கை விரிப்பில் எதையோ தட்டுகிறது. தூக்கத்தில்.

கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட். ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி வைத்தது, 1981-இல் வந்த முதல் பிசிக்கு. முதலில் கன்ட்ரோல் + ஆல்ட் + எஸ்கேப் என்று வைத்தார். மூன்றும் இடப்பக்கம். ஒரு கை தவறிப் பட்டாலே கணினி மறுபடி முதலிலிருந்து ஓடும். அதனால் ஒன்றை வலப்பக்கத்துக்கு மாற்றினார்.

இரண்டு கையும் வேண்டும் என்பதே அதன் பாதுகாப்பு.

ஒரு கை இருப்பவருக்கு வேறு வழி பிறகு வந்தது. ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் கேட்கும், இயக்கவா என்று. பிறகு கன்ட்ரோலை அழுத்தி விட்டுவிடலாம். ஆல்ட்டை அழுத்தி விட்டுவிடலாம். மூன்றாவது விசை வரும்வரை முதலிரண்டும் காத்திருக்கும்.

பெரும்பாலானோர் அதைத் தற்செயலாகத்தான் சந்திக்கிறார்கள். விளையாட்டின் நடுவே ஷிஃப்டைத் திரும்பத் திரும்ப அழுத்தும்போது. எரிச்சலோடு 'வேண்டாம்' கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒருசேர அழுத்த வேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாக.

தமிழ்த் தட்டச்சில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். 'க்' என்பதற்குப் புள்ளி, பிறகு க. புள்ளி அடித்தால் வண்டி நகராது. காகிதம் அதே இடத்தில் நிற்கும். எழுத்து வந்து புள்ளிக்கு அடியில் உட்கார்ந்த பிறகுதான் ஓரிடம் தள்ளும்.

நகரா விசை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அமைத்த தமிழ்த் தட்டச்சில் இது உண்டு. ஜெர்மனியில் செய்து வந்தது அந்த எந்திரம். பிஜோ என்று பெயர்.

சித்தப்பாவிடம் ஸ்டிக்கி கீஸை விளக்கிக்கொண்டிருந்தேன். கன்ட்ரோல் அழுத்துங்க, விட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது, அடுத்ததுக்காக அது நிக்கும் என்றேன்.

"புள்ளி," என்றார்.

ஒரே சொல். உடனே வந்தது. பள்ளம் இல்லாமல்.

கட்டிலருகே ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன். முதல் மாதம் பேச்சே இல்லாதபோது சித்தி வைத்தது.

ஒரு தட்டு: தண்ணீர்.
இரண்டு தட்டு: விளக்கு.
மூன்று: இங்கே வா.

சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு சுவர். குக்கர் சத்தத்திலும் சித்திக்குக் கேட்கும். கீழ்வீட்டு மிக்சி ஓடினாலும் கேட்கும். மூன்று தட்டை ஒருநாளும் இரண்டாக எடுத்துக்கொண்டதில்லை.

பிடித்துக்கொண்டே பேசுவதா, தட்டிவிட்டுப் பேசுவதா.

இதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. எந்த விசை என்பது பிறகு. நான் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறேன்.

பிடித்துக்கொண்டு பேசுவது வாக்கிடாக்கி முறை. போலீஸ்காரர்கள் பேசுவதைப் பார்த்திருக்கிறோம். விரல் இருக்கும்வரை பேச்சு. விரலை எடுத்தால் முடிந்தது. ஐயமே இல்லாத முறை. எனக்குப் பிடித்தது.

லினக்ஸ் மேசைத்தளத்தில் நாமே வைத்துக்கொள்ளும் குறுக்குவழிக்கு மூன்றே பெட்டிகள். பெயர், கட்டளை, விசை. விசை அழுந்தினால் கட்டளை ஓடும். விசை எழுந்ததைச் சொல்ல அங்கே பெட்டி இல்லை.

அழுத்தம் மட்டும்தான் செய்தி. விடுவது செய்தி அல்ல.

லினக்ஸின் பழைய எக்ஸ் திரைமுறையில் ஒரு நிரல் நினைத்தால் எல்லா விசைகளையும் ஒட்டுக்கேட்கலாம். எழுவதையும் சேர்த்து. நாம் அடிக்கும் கடவுச்சொல்லையும் சேர்த்து. அதற்குப் பதிலாக வேலண்ட் வந்தபோது அந்தக் கதவைச் சாத்தினார்கள். சாத்தியது சரி. ஆனால் குரல் நிரல்களும் அதே கதவுக்கு வெளியே நின்றன. அனுமதி கேட்டு ஒரு விசையை வாங்கிக்கொள்ளும் சிறு வாசல் பிறகு வந்தது. கேடிஇ பிளாஸ்மா 5.27-இல், 2023 பிப்ரவரி. குனோம் 48-இல், 2025 மார்ச். அந்த வாசலில் 'அழுந்தியது', 'எழுந்தது' இரண்டும் சொல்லப்படுகின்றன.

சித்தப்பாவின் கணினியில் இருப்பது அதற்கு முந்தையது.

பாஸ்-பிரேக் விசை. மேல் வரிசை, வலக்கோடி. யாரும் தொடுவதில்லை. ஆளில்லாத வீடு. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பழைய பிஎஸ்/2 விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசையும் அழுந்தும்போது ஒரு குறியீடு அனுப்பும், எழும்போது ஒன்று. பாஸ் விசை மட்டும் அப்படி இல்லை. அழுந்தும்போதே இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடும். பிறகு எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும், எப்போது விட்டாலும், கணினிக்குத் தெரியாது.

நிறுத்திவைக்க என்று பெயர் வைத்த விசை. எவ்வளவு நேரம் நிறுத்தினோம் என்பது அதற்குள் பதிவதே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போனது. கடையில் வாங்கின பலகைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றும் மாட்டிப் பார்த்தேன்.

அது வலக்கோடியிலும் இருக்கிறது. இடக்கை மார்பைத் தாண்டிப் போக வேண்டும். விட்டுவிட்டேன்.

பிடித்துக்கொண்டு பேசுவது எப்படியும் ஆகாது. இடக்கையும் பத்து விநாடியில் தளர்கிறது. விரல் எழுந்ததும் பேச்சு அறுந்தது. பாதி வாக்கியத்தில் என்னைப் பார்த்தார்.

தட்டித் தொடங்குவது, தானே நிற்பது. பெரும்பாலான குரல் நிரல்கள் இப்படித்தான். பேச்சு ஓய்ந்ததைக் கண்டதும் முடித்துக்கொள்ளும்.

எவ்வளவு ஓய்ந்தால் முடிவு? அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ஒரு எண் இருந்தது. 800. மில்லிவிநாடி.

ஒரு விநாடிகூட இல்லை.

3000 ஆக்கினேன். "காலைல..." என்றார். அறுந்தது.

6000. "காலைல... கடைக்கு..." அறுந்தது.

கைப்பேசியில் அவர் பேச்சைப் பதிந்து அளந்தேன். மிக நீண்ட இடைவெளி 11 விநாடி. தேடிய சொல் 'தேங்காய்'.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் முதல் நாளே சித்தியிடம் சொன்னது: "அம்மா, அவர் சொல்ல வர்றத நீங்க முடிச்சு வெச்சிடாதீங்க. காத்திருங்க. கஷ்டமாத்தான் இருக்கும்."

சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போட்டு வரியையே செயலிழக்க வைத்தேன். இப்போது அது தானாக நிற்காது. தட்டினால் தொடங்கும். மறுபடி தட்டினால்தான் முடியும்.

11 விநாடி அமைதியில் புதிதாக ஒரு தொல்லை. நிரல் சும்மா இருப்பதில்லை. யாரும் பேசாதபோதும் எதையாவது எழுதுகிறது. ஒரு முறை எழுதியது: 'பார்த்ததற்கு நன்றி'.

இந்த வகை நிரல்கள் காணொளிகளின் பேச்சையும் துணையெழுத்தையும் சேர்த்துக் கேட்டுப் பழகியவை. காணொளி முடிகிற அமைதியில் நன்றி வரும். அமைதி என்றால் நன்றி என்று படித்து வைத்திருக்கிறது.

'நன்றி' என்ற சொல்லையே வடிகட்டிவிடலாம் என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அழித்தேன். அவர் என்றாவது அதைச் சொல்லுவார்.

அமைதியான பகுதிகளை முன்கூட்டியே வெட்டி, பேச்சுத் துண்டுகளை மட்டும் கொடுக்கிற வழி இருக்கிறது. அதைப் போட்டேன். நன்றி நின்றது.

வெட்டிய அமைதிகள் தனியே ஒரு கோப்புறையில் சேர்கின்றன. அழிக்கலாம். அழிக்கவில்லை.

எஃப்20.

மறுபடி விசைத் தேடல். விசைப்பலகையில் எஃப்12-ஓடு முடிகிறது. ஆனால் குறியீட்டளவில் எஃப்24 வரை உண்டு. பழைய ஐபிஎம் முனையங்களின் 122 விசைப் பலகையில் உண்மையிலேயே இரண்டு வரிசை எஃப் விசைகள் இருந்தன. பலகையிலிருந்து போய்விட்டன. பட்டியலில் இருக்கின்றன.

லினக்ஸ் மடிக்கணினிகளில் மைக்கை மூடும் விசையை அழுத்தினால் பல எந்திரங்களில் உள்ளே போகும் பெயர் எஃப்20. காரணம் ஒரு எண்கணக்கு. கெர்னலில் மைக் மூடும் விசைக்கு எண் 248. எக்ஸ் அதோடு எட்டைக் கூட்டும். 256. எக்ஸ் 255 வரைதான் எண்ணும்.

ஒன்று கூடிப்போனது. அதனால் வேறொருவர் பெயரில் நுழைகிறது.

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விசைப்பலகைக்குப் புது விசை ஒன்றை அறிவித்தது. கோபைலட் விசை. 1994-இல் விண்டோஸ் விசை வந்த பிறகு ஏறக்குறைய முப்பது வருடத்தில் அப்படி ஒரு மாற்றம் அதுதான் முதல்.

உள்ளே அது தனி விசை அல்ல. அழுத்தினால் இடது ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 மூன்றும் சேர்ந்து போகின்றன. மூன்று விரல் வேலையை ஒரு விரல் செய்கிறது.

எனக்கு அதில் பிடித்தது அந்த ஒரு விரல். பிடிக்காதது அது உட்கார்ந்த இடம். பல மடிக்கணினிகளில் வலது கன்ட்ரோல் இருந்த இடம், சிலவற்றில் மெனு விசை இருந்த இடம். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானோடு அந்த இரண்டையும் நாள் முழுக்கத் தொடுகிறவர்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் நண்பர் புது மடிக்கணினி வாங்கிய வாரம், வலது கன்ட்ரோலை விரலால் தேடித் தேடி ஓய்ந்தார். சுட்டியின் வலச் சொடுக்குக்குப் பதில் அவரிடம் இருப்பது மெனு விசை. அது இல்லாவிட்டால் ஷிஃப்ட் + எஃப்10. மறுபடி இரண்டு.

அவர்தான் கேட்டார். "கேப்ஸ் லாக்க ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?"

என்விடிஏயில் கேப்ஸ் லாக்கையே கட்டளை விசையாக வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் நரேட்டரிலும். அவர் கேப்ஸ் லாக்கைக் கேப்ஸ் லாக்காகப் பயன்படுத்தி எத்தனையோ வருடமாகிறது.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது.

இது எனக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் உறைத்தது. நாலு நாள் தேடியிருக்கிறேன்.

கீடி என்று ஒரு சிறு நிரல். விசைப்பலகைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே உட்காரும். ஒரே வரி: கேப்ஸ் லாக் அழுந்தினால் எஃப்13 என்று சொல்.

குறுக்குவழிப் பெட்டியைத் திறந்து கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். பெட்டியில் 'டூல்ஸ்' என்று விழுந்தது. எஃப்13-க்கு அங்கே அந்தப் பெயர். இருக்கட்டும். யாரும் குடியில்லை. அது போதும்.

இடக்கைச் சுண்டு விரல் 'ய'வில் இருக்கும். அதற்குப் பக்கத்து வீடு கேப்ஸ் லாக். கை நகர வேண்டியதில்லை.

தட்டச்சு எந்திரத்தில் அதே இடத்தில் ஷிஃப்ட் லாக். ஹால்டாவை இழுத்துப் பார்த்தேன். அதேதான்.

முதல் முறை தட்டினார். தொடங்கியது, உடனே நின்றது. விரல் நடுக்கம். ஒரு தட்டு இரண்டாகப் போயிருக்கிறது.

அணுகல் அமைப்பில் பவுன்ஸ் கீஸ். ஒரே விசை உடனுக்குடன் மறுபடி அழுந்தினால் இரண்டாவதைக் கணக்கில் எடுக்காது. எவ்வளவு உடனுக்குடன் என்பதை இழுத்து வைக்கலாம். இழுத்து வைத்தேன். இழுத்தேன். இன்னும் கொஞ்சம்.

இந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சொடுக்கியையும் யாரோ ஒருவர் கையைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். மெதுவாக அழுத்துகிறவருக்கு ஒன்று. நடுங்குகிறவருக்கு ஒன்று. விடத் தாமதிக்கிறவருக்கு ஒன்று. கணினியில் இவ்வளவு அக்கறையான பக்கம் வேறு எது?

கேட்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? மேல்பட்டையில் சின்ன மைக் படம் வரும். அவர் திரையைப் பார்ப்பதில்லை. பேசும்போது எதிர்ச்சுவரைப் பார்க்கிறார்.

தொடங்கும்போது ஒரு 'டிங்' வைத்தேன். அந்த டிங்கையும் சேர்த்துப் பதிந்து அதற்கும் ஒரு சொல் எழுதியது. எடுத்துவிட்டேன்.

டைப்ரைட்டரில் ஒரு மணி உண்டு. வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போதே அடிக்கும்.

"லைட்டு," என்றார்.

விசைப்பலகையின் மூலையில் கேப்ஸ் லாக் விளக்கு. சின்னது, பச்சை. விசைக்கு வேலை மாறியதிலிருந்து எரியவே இல்லை. அதை அவர் கவனித்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

லினக்ஸில் அந்த விளக்கு ஒரு கோப்பு. அதில் 1 என்று எழுதினால் எரியும். 0 என்று எழுதினால் அணையும். கோப்பின் பெயரில் ஒரு எண் இருக்கிறது, பலகையைக் கழற்றி மாட்டினால் மாறிவிடுகிறது. எந்த எண்ணாக இருந்தாலும் தேடிப் பிடிக்கும்படி எழுத ஒரு மணி நேரமானது.

இப்போது கேட்கும்போது எரிகிறது.

எதிர்ச்சுவரைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். பேச்சு நின்றபோதெல்லாம் தலை தாழ்ந்து பச்சையைப் பார்க்கிறார். எரிகிறது. மறுபடி சுவர்.

எஃப், ஜே இரண்டிலும் சிறு மேடு உண்டு. கண் பார்க்காமல் விரல் வீடு சேர. சித்தப்பாவின் இன்ஸ்டிடியூட்டில் கைக்கு மேல் அட்டை வைத்து மறைத்துச் சொல்லித் தந்தார்கள். ஹால்டாவில் மேடு இல்லை.

கேப்ஸ் லாக்கில் மேடு இல்லை. உணர்ச்சி குறைந்த விரல் பக்கத்து டேப் விசையில் போய் விழுகிறது.

சித்தி நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினார். மெரூன். ஓரத்தில் கல் வைத்தது.

விரல் போய்த் தடவியது. நின்றது.

டம்ளரும் ஸ்பூனும் அங்கேயே இருக்கின்றன. எடுத்து வைக்கட்டுமா என்று சித்தியைக் கேட்டேன். "அது எனக்கு," என்றார்.

அறிவிப்பு எதுவும் இல்லாமல் அடுத்த மேம்படுத்தலில் எஃப்13-ஐ யாராவது எடுத்துக்கொள்வார்களா? குறித்து வைக்கிறேன். கீடியின் அந்த ஒரு வரியை மூன்று இடத்தில் படியெடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று காகிதத்தில். மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியது.

அவருக்காக இன்னொரு காகிதத்தில் எழுதியது:
பொட்டு, ஒரு தட்டு: கேள்.
பொட்டு, மறுபடி: போதும்.
வேறு எதையும் தொட வேண்டாம்.

மூன்றாவது வரியை அவர் அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன்.

ஞாயிறு. மாலை ஐந்தரை. பழைய மாணவர் ஒருவருக்குக் கடிதம். பெயர் மட்டும் அவரே தட்டினார், இடக்கையால், புள்ளிக்கு நான் கை கொடுக்காமல். ஸ்டிக்கி கீஸ் காத்திருந்தது.

பிறகு பொட்டைத் தட்டினார். பச்சை.

ஒன்பது நிமிடம். நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தம் வருவது, நிற்பது, வருவது. சித்தி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தி வைத்திருந்தார்.

மறுபடி தட்டினார்.

61 சொற்கள். அதில் 19 அவர் சொல்லாதவை. நிரல் தானாகக் கேட்டுக்கொண்டவை. ஒவ்வொன்றாகக் காட்டினேன். திருத்தினோம். அரை மணி நேரம்.

இரண்டை மட்டும் அப்படியே விடச் சொன்னார்.